கேதம் சொன்னவரின் பத்திரிகை

அத்தியாயம் பதினான்கு

தான் வேலை பார்க்கும் பத்திரிகையின் வரலாற்றை எழுதச் சொல்லி முதலாளி ஒரு மாதம் அவகாசம் கொடுத்தால், ஒருத்தி சந்தோஷப்படுவாளா, தலையில் அடித்துக்கொள்வாளா? மல்லிகா இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டிருக்கிறாள் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்.

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. 'இரத்தினக்குரல்' இரத்தினபுரியிலிருந்து வரும் நாலு பக்கத் தமிழ் நாளேடு. கொழும்புப் பத்திரிகைகள் ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள், கஹவத்தை, பெல்மதுளை, குருவிட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இதைப் படித்து முடித்து, அதிலேயே ரொட்டியும் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். எழுபத்தொன்பதாம் வருசம் தை மாதம் தொடங்கியது. இப்போது இரண்டாயிரத்து நாலு தை. ஆக, வெள்ளி விழா.

விழா என்றால் மலர் வேண்டும். மலர் என்றால் வரலாறு வேண்டும். வரலாறு எழுதப் பழைய பிரதிகள் வேண்டும். பழைய பிரதிகளோ போன வருசத்து வெள்ளத்தோடு போய்ச் சேர்ந்தன. களுகங்கை காரியாலயத்துக்குள் ஆள் உயரத்துக்கு ஏறி, கட்டுக் கட்டாக இருந்த அத்தனையையும் கூழாக்கிவிட்டு இறங்கிப் போனது. சுவரில் அந்தச் சேற்றுக் கோடு இன்னும் இருக்கிறது. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் எட்டிப் பார்க்கிறது.

ஆகவே மல்லிகா வாய் வாயாகக் கேட்டுத்தான் எழுதினாள். பென்சன் எடுத்த பஸ் கண்டக்டர்கள், பழைய அச்சுக்கோப்பாளர்கள், கண் தெரியாமல் போன ஒரு விளம்பர ஏஜென்ட். ஒருவர் சொன்னதை அடுத்தவர் "அது சும்மா கதை" என்பார். அடுத்தவர் சொன்னதை முதலாமவர் கேட்டால் அடிக்க வருவார். இந்த லட்சணத்தில் ஒரு மாதம் போயிற்று.

ஆனால் பத்திரிகை எப்படித் தொடங்கியது என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அது மல்லிகாவின் அப்பா அழகமுத்துவில் தொடங்கியது. அதை எழுதி முடித்து முந்தாநாள் முதலாளியின் மேசையில் வைத்தாள். மலர் இன்றைக்கு அச்சுக்குப் போகிறது.

காலையில் மல்லிகா குடையை மூலையில் சாத்தி வைப்பதற்குள்ளேயே முக்தார் முதலாளி தன் அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். பத்திரிகையைத் தொடங்கிய கபூர் ஹாஜியாரின் மூத்த மகன் அவர். கணக்கு வழக்கில் கெட்டி. எழுத்து விசயத்தில் வாயைத் திறக்கமாட்டார்.

"மல்லிகா, நீங்க எழுதினத்த வாசிச்சேன். வீட்டுலயும் வாசிச்சுக் காட்டினேன். எங்கட பொஞ்சாதி றஹீமா அழுதிட்டா."

"நெசமாவா முதலாளி?"

"பொய்யா செல்றேன்? எங்கட வாப்பா மவுத்தாகுமட்டும், கடைசி வரைக்கும் இதைத்தானே செல்லிட்டிருந்தாரு, அழகமுத்து இல்லாட்டி இந்தப் பத்திரிகையே இல்லண்டு. ஒரு எழுத்து வெட்ட வாணாம். அப்பிடியே போகட்டும்."

பிறகு கொஞ்சம் பெருமையாக, "நேத்துப் பத்திரிகையில விளம்பரம் ஒண்டு போட்டேன், பாத்தீங்களா?" என்றார்.

பார்த்திருந்தாள். முதல் பக்கத்தின் அடியில், கட்டம் கட்டி: 'கேதம் சொன்னவர் தொடங்கிய பத்திரிகை! முழுக் கதை நமது வெள்ளி விழா மலரில்.' அதை அவள் திரும்பத் திரும்ப வாசித்திருந்தாள். இருபத்தைந்து வருசமாக ஊர் முழுக்க இதைக் கபூர் ஹாஜியார் பேப்பர் என்றுதான் சொல்கிறது. அப்பாவின் பெயர் அதில் ஒரே ஒரு தடவைதான் வந்தது, அதுவும் எண்பத்தொன்பதில் அவருடைய சொந்த மரண அறிவித்தலில்.

கேதம் சொல்வது என்றால் என்னவென்று இன்றைக்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், வெளித் தோட்டங்களில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஆள் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு வீடு இருக்கும். அப்பனுக்குப் பிறகு மகன் போவான். எந்த வீடு, ஏன் அந்த வீடு என்று யாரும் கேட்கமாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். போகிறவன் லயத்து வீடுகளின் வாசலில் ஏறக் கூடாது. வாசலுக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கானுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் குரல் கொடுக்க வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் தூக்கித்தான் ஊற்றுவார்கள்.

அழகமுத்து கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர்ப் பால் வெட்டினார். சாவு விழுந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேதம் சொல்லப் போனார்.

எழுபத்தொன்பது தையில் மல்லிகா வயதுக்கு வந்தாள். தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டுமே. அப்பா வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு குருவிட்டைக்குப் பஸ் ஏறினார். மாமனுடைய லயத்துக் கோடியில் அவருடைய தலை தெரிந்ததுதான் தாமதம், மாமி மாரில் அடித்துக்கொண்டு அலற ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள். செத்தது யார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. "நல்ல சேதிங்க, நல்ல சேதிங்க" என்று அப்பா தட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு கத்தியது அந்த ஒப்பாரியில் யார் காதிலும் விழவில்லை. மலையில் வேலைக்குப் போயிருந்த மாமனைக் கூப்பிட ஆளும் போய்விட்டது.

எல்லாம் ஓய்ந்து விசயம் தெரிந்த பிறகு, மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாளாம்: "இனிமே நல்ல காரியத்துக்கு நீங்க வராதீங்கண்ணே. வேற யாரையாவது அனுப்புங்க."

அப்பா நேரே வீட்டுக்கு வரவில்லை. இரத்தினபுரியில் இறங்கி, கலியாணக் கார்ட் அடிக்கும் கபூர் ஹாஜியாரின் அச்சுக்கூடத்து வாசலில் போய் உட்கார்ந்தார். 'நான் இனிமே ஒரு கேதமும் சொல்லப் போகமாட்டேங்க. நீங்க அச்சடிச்சுக் குடுங்க, நான் பஸ்ல போட்டு விடுறேன்' என்றார். ஹாஜியாருக்கும் அன்றைக்கு வேறு வேலை இருக்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அரைத்தாள் ஒன்று போயிற்று, மூன்று சாவோடு. கண்டக்டர்கள் சந்திக்குச் சந்தி போட்டுக்கொண்டே போனார்கள். தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று ஹாஜியார் அரிசி விலையைப் போட்டார். பிறகு மழை, பிறகு மாணிக்க ஏலம், பிறகு சம்பளப் பேச்சுவார்த்தை. அடுத்த மாதமே அதற்கு ஒரு பெயரும் வந்துவிட்டது.

இதைத்தான் மல்லிகா எழுதியிருந்தாள். அப்பாவின் பெயரும் ஊரும் போட்டு, சடங்கும் ஒப்பாரியும் ஒன்று விடாமல். எழுதும்போது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

முதலாளி உள்ளே போன கையோடு வாசலில் அவளுடைய அண்ணன் இந்திரகுமார் நின்றான். பெல்மதுளைச் சந்தியில் பத்திரிகை ஏஜென்ட். முதல் பஸ்ஸில் வரும் பார்சலைப் பிரித்து, அந்த ரோட்டில் உள்ள தோட்டங்களுக்கெல்லாம் பங்கு பிரித்து அனுப்புவது அவன்தான். மகள் கலைச்செல்விக்கு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். சேலை எடுக்க எல்லோரும் டவுனுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். ஆனால் முகத்தைப் பார்த்தால் சேலை எடுக்க வந்தவன் மாதிரி இல்லை.

"மல்லி, கொஞ்சம் வெளிய வா."

எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தார்கள். இரண்டு பிளேன்டீ சொன்னான். வந்த டீயைத் தொடவில்லை.

"நேத்துப் பேப்பர்ல என்னா அது?"

"வெளம்பரம். முதலாளி போட்டாரு."

"அப்பாவப் பத்தித்தானே?"

"ஆமாண்ணே. நாளைக்கு முழுசா வருது. நானே எழுதுனேன்."

"பேரு போட்டிருக்கியா?"

"பேரு போடாம எப்புடி? இருவத்தஞ்சு வருசம் கழிச்சு இப்பத்தான்..."

"எடுத்துரு."

மல்லிகாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. அப்பாவின் பெயர் வருவதில் அண்ணன் தன்னைவிடச் சந்தோஷப்படுவான் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்!

"என்னத்த எடுக்கச் சொல்றீங்க?"

"எல்லாத்தையும். சம்பந்தி காலையிலேயே ஃபோன் பண்ணிட்டாரு. வெளம்பரத்தப் பாத்துட்டு அவருக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அந்தக் கதை வந்தா வெள்ளிக்கெழம வரமாட்டோம்னு சொல்லிட்டாரு."

சம்பந்தி இராமசாமிக்குக் குருவிட்டையில் ஹார்ட்வெயார் கடை. மகன் வங்கியில் வேலை. நல்ல பையன், கலைச்செல்விக்கும் பிடித்திருந்தது.

"அவருக்கு நம்மள யாருன்னு தெரியாதா?" என்று கேட்டாள் மல்லிகா. "தெரியாமயா பொண்ணு கேட்டு வந்தாரு?"

"தெரியாம என்னா? அவரும் நாமளும் ஒன்னுதானே. அவரு தாத்தாவும் இதே வேலதான் பாத்தாரு."

"அப்பறம் அவருக்கு என்னா வந்துச்சு?"

"குருவிட்டையில அது யாருக்கும் தெரியாது மல்லி. கடைக்கு வர்றவனுக்குத் தெரியாது, பேங்க்ல தெரியாது, கோயில் கமிட்டியில தெரியாது. போன வருசம்தான் அவரக் கமிட்டியில பொருளாளராப் போட்டாங்க. நாளைக்கு இந்தப் பேப்பர் போனா, ஓ, இவரு சம்பந்தி பண்றது அந்த வீட்டுலயா, அப்ப இவரு யாருன்னு ஒருத்தன் கேப்பான். கேட்டா முடிஞ்சுது."

"அப்பா என்னா திருடிட்டா போனாரு? வெக்கப்படுற மாதிரி என்னாண்ணே இருக்கு?"

இந்திரகுமார் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒனக்கு அது கதை. கந்தோர்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து எழுதுற. நான் அவருகூட நடந்தவன். பத்து வயசுல அவரு கையப் புடிச்சுக்கிட்டு கானோரமா நின்னவன். தண்ணி ஊத்துவாங்க பாரு, கை ரெண்டையும் சேத்து ஏந்தணும், ஒரு சொட்டு அவங்க செம்புல தெறிக்கக் கூடாது. நீ பொம்பளப் புள்ள, ஒன்னைய அவரு கூட்டிட்டுப் போகல. எனக்கு அது எழுத்துல வேணாம்."

அண்ணன் சொல்வது பொய் என்றால் சண்டை போடலாம். பொய் இல்லையே, என்ன செய்வது?

"சரி. அப்ப அவரு பேரு எப்பத்தான் வர்றது?"

"கலை கல்யாணம் முடியட்டும்."

"வெள்ளி விழா திரும்ப அடுத்த மாசம் வருமா? பேரன் பேத்தி எடுத்த பொறவு வேற ஒரு சம்பந்தி வருவாரு, அப்பவும் இதத்தான் சொல்லுவீங்க."

"சொல்லுவேன். என் புள்ள வாழ்க்கை மல்லி." அவனுடைய குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்கக் கோபப்பட்டான். "நீ எடுக்கலன்னா நாளைக்குப் பார்சலப் பிரிக்கமாட்டேன். பெல்மதுளையிலயே கெடக்கட்டும். கஹவத்தைப் பக்கம் ஒரு பேப்பர் போகாது. முதலாளிக்கும் சொல்லிட்டுத்தான் போவேன்."

சொன்னபடி சொல்லிவிட்டும் போனான். முதலாளி அறையில் அரை மணி நேரம் பேச்சு நடந்தது. மல்லிகா வெளியே உட்கார்ந்து, கலியாண வாழ்த்து ஒன்றைத் திருத்துவதாகப் பேர்பண்ணிக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளைப் பார்க்காமல் படியிறங்கிப் போன பிறகு அழைப்பு வந்தது.

"இருங்க மல்லிகா," என்றார் முக்தார் முதலாளி. காலையில் இருந்த தெம்பு அவரிடம் இல்லை. "உங்கட நானா இந்திரகுமார் செல்றதும் விளங்குது. நீங்க செல்றதும் விளங்குது."

"நான் இன்னும் ஒன்னுமே சொல்லலியே முதலாளி."

"நீங்க செல்லப் போறது விளங்குது." கழுத்தைச் சொறிந்துகொண்டார். "பாருங்க, வெள்ளி விழா மலர் தோட்டத்துக்குப் போகாட்டி யாருக்கு விழா? நம்மட பத்திரிகை வாங்குறதே அந்த ரோட்டுலதானே. எனக்கெண்டா போடத்தான் விருப்பம். வாப்பா இருந்தா போடத்தான் செல்லுவாரு. ஆனா இது உங்கட குடும்ப விசயம். நான் எப்பிடி இடையில வாறது? நீங்களே முடிவு எடுங்க."

"நானா?"

"நீங்கதான். எப்பிடி முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம். நாலரைக்குப் பக்கம் வந்தாச் சரி."

இதைவிட அவர் ஓங்கி 'வெட்டு' என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய் முதலாளியைத் திட்டித் தீர்த்திருப்பாள். இங்கே திட்டுவதற்கு ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை. முதலாளி நல்லவர். அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இராமசாமியும் பயந்த மனுசன், அவ்வளவுதான். அத்தனை பேரும் நல்லவர்களாக இருந்துகொண்டு, கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். மகள் கையாலேயே அப்பனை வெட்டு என்கிறார்கள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கலைச்செல்வி மீதும் ஆத்திரம் வந்தது. இருபத்தொரு வயதுப் பெண், படித்தவள், அப்பாவிடம் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லக் கூடாதா? தாத்தாவை வித்துத்தான் மாப்பிள்ளை வாங்க வேண்டுமா? இப்படி நினைத்த மறு நிமிசமே, போன மாதம் மாப்பிள்ளையின் படத்தைப் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டும்போது அவளுடைய காது மடல் சிவந்தது ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளையின் கலியாணத்தைத் தான் கெடுப்பதா? கெடுத்துவிட்டு அப்பாவின் பெயரை யாருக்குக் காட்டுவது?

மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே பக்க வேலை நடக்கும் அறைக்குப் போனாள். அங்கே கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தவன் யோகராஜ். பத்திரிகையின் பக்கங்களைக் கட்டுபவனும் அவன்தான், மல்லிகாவைக் கட்டியவனும் அவன்தான்.

"எடுங்க," என்றாள். "அப்பா பேரு எங்கெங்க வருதோ அங்கெல்லாம்."

அவன் திரும்பிப் பார்த்தான். எதிர்க்கடைப் பேச்சு அதற்குள் காரியாலயம் முழுக்கப் பரவியிருந்தது. "யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிக்கிறதுக்கு என்னா இருக்கு? எடுங்கன்னா எடுங்க."

பெயர் போயிற்று. பிறகு ஊர் போயிற்று. கஹவத்தை என்று இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்களாம். சடங்குக் கதை போயிற்று. மாமி போனாள், ஒப்பாரி போயிற்று. வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற அப்பாவும் போனார். கானும் தண்ணீரும் போயின. ஒவ்வொன்றும் போகப் போக, யோகராஜ் அவளை ஒரு தடவை பார்ப்பான். அவள் சுவரில் இருந்த சேற்றுக் கோட்டைப் பார்ப்பாள்.

"இப்ப மொட்டையா நிக்குதே," என்றான் கடைசியில். "ஹாஜியார் திடீர்னு ஒரு நாள் எதுக்கு அரைத்தாள் அடிச்சாரு? என்னமாவது ஒன்னு சொல்லணும்ல?"

மல்லிகா அவனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தானே தட்டினாள். 'தோட்டங்களுக்குத் துக்கச் செய்தி கொண்டுசெல்லும் பணியில் இருந்த அன்பர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, கபூர் ஹாஜியார் அவர்கள் இப்பத்திரிகையைத் தொடங்கினார்கள்.'

அன்பர் ஒருவர்! கோயில் நோட்டீஸில் பூமாலை உபயம் செய்கிறவர்கூடப் பெயர் போட்டுக்கொள்கிறார். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, பத்து வருசம் பார்சல் கட்டிய மனுசன் அன்பர் ஒருவர். அவளுக்கு அந்தக் கீபோர்டைத் தூக்கிக் களுகங்கையில் வீசலாம் போல இருந்தது. வெள்ளம் பழைய பிரதிகளைக் கொண்டுபோனது. மிச்சமிருந்ததை வெள்ளத்தைக் குற்றம் சொல்ல முடியாத ஒரு நல்ல நாளில் அவளே கொண்டுபோய்விட்டாள்.

"எடம் காலியாக் கெடக்கு," என்றான் யோகராஜ். "ரெண்டு பத்தி அளவு. இந்தச் சீயக்காய்த்தூள் வெளம்பரம் சரியா உக்காருது."

"மாமனார எடுத்துட்டு சீயக்காய் வைக்கிறீங்களா?"

"நானா எடுத்தேன்? சும்மா என்மேல ஏறாத. வேற என்னா வைக்கட்டும்னு சொல்லு, வைக்கிறேன்."

வேறு எதை வைப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை. சீயக்காயே உட்கார்ந்தது. பக்கத்தை அச்செடுத்து அவள் கையில் கொடுத்தான், கடைசியாக ஒரு தடவை பார்ப்பதற்கு.

"அத்தை!"

கலைச்செல்வி கையில் ஜவுளிக்கடைப் பையோடு ஓடி வந்தாள். வெயிலில் முகம் கறுத்து, நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. அவளுக்குப் பின்னால் இந்திரகுமார். கலைச்செல்வியின் அம்மாவைக் கடையில் இரவிக்கைத் துணி பார்க்க விட்டுவிட்டு வந்திருக்கிறார்களாம். அத்தையிடம் சேலையைக் காட்டாமல் பஸ் ஏறமாட்டேன் என்று பிள்ளை அடம் பிடித்ததாம். இந்திரகுமார் இதை யோகராஜிடம்தான் சொன்னான். மல்லிகாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

சேலை அரக்கு நிறம், கரையில் சன்னமாகத் தங்கக் கோடு. மல்லிகா தடவிப் பார்த்து, நல்லா இருக்கு என்றாள். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் ஒரு எரிச்சல்.

"எடுத்தாச்சா?" என்று இந்திரகுமார் மெதுவாகக் கேட்டான். அவன் கேட்டது சேலையைப் பற்றி இல்லை.

"எடுத்தாச்சு. சந்தோசமா இருங்க."

கலைச்செல்வி அதற்குள் மேசையில் கிடந்த பக்கத்தை எடுத்துவிட்டாள். "இதுதானே அத்தை நீங்க எழுதுனது? வெளம்பரத்தப் பாத்ததுலேருந்து எப்ப வரும்னு இருந்தேன். கேதம் சொன்னவர் தொடங்குனதுன்னு போட்டிருந்துச்சே."

ஜன்னலோரமாகப் போய் நின்று வாசித்தாள். யாரும் தடுக்கவில்லை, தடுப்பதற்கு அதில்தான் ஒன்றும் மிச்சம் இல்லையே. வாசித்து முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"அவரப் பத்தி ஒன்னும் இல்லியே, அத்தை?"

"யாரப் பத்தி?"

"அதான், இந்த அன்பர். அவரு போய்க் கேக்காட்டி ஹாஜியார் பேப்பரே போட்டிருக்கமாட்டாரே? ஹாஜியார் பேரு எத்தன எடத்துல இருக்கு பாருங்க. மெஷின் வித்தவரு பேருகூட இருக்கு. இவரு பேரு ஒரு எடத்துலயும் இல்ல." அவளுக்கு உண்மையிலேயே மனம் தாங்கவில்லை. "இப்புடி ஒரு வேல பாத்த மனுசன், அவருக்குப் போய் இப்புடித் தோணியிருக்கே! அவருக்கும் புள்ளகுட்டிங்க இருக்கும்தானே? நாளைக்கு அவங்க இதப் பாத்தா எவ்வளவு வேதனைப்படுவாங்க. பேரு தெரியலன்னா யார்கிட்டயாவது கேட்டுப் போட்டிருக்கலாமே அத்தை."

மல்லிகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலியா? இல்லை. அந்த முகத்தில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை.

இவளுக்குச் சொல்லவே இல்லை!

தாத்தா சாகும்போது கலைச்செல்விக்கு ஆறு வயது. அந்த வருசமே இந்திரகுமார் தோட்டத்தை விட்டுப் பெல்மதுளைக்குக் குடிவந்துவிட்டான். தாத்தா துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார் என்று ஒரு தடவை பிள்ளை யாரிடமோ சொன்னதை மல்லிகா கேட்டிருக்கிறாள். வெளியாட்களுக்குச் சொல்கிற கதை என்று அப்போது விட்டுவிட்டாள். வீட்டுக்குள்ளேயும் அதுதான் கதை என்று அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. காலையிலிருந்து இந்தப் பிள்ளையையும் சேர்த்தல்லவா மனதுக்குள் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்? தாத்தாவை வித்தாள் என்றாளே, யாரை வித்தோம் என்றே பிள்ளைக்குத் தெரியாதே!

கலைச்செல்வி அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. அந்தப் பக்கம் நீங்க அறியாத ஆளா? யாருப்பா இவரு?"

யோகராஜின் கை கீபோர்டில் அப்படியே நின்றது. உள்ளேயிருந்து முக்தார் முதலாளி, "பக்கம் முடிஞ்சதா?" என்று குரல் கொடுத்தார்.

இந்திரகுமார் சேலையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். மடிப்புக் கலையாமல் வைக்க வேண்டும் என்பதுபோல் அதிலேயே கண்ணாக இருந்தான். உதடு ஒரு தடவை அசைந்தது. மல்லிகா காத்திருந்தாள். சொல்லிவிடு அண்ணே, நீயே சொல்லிவிடு, ஊருக்குச் சொல்ல வேண்டாம், இந்த அறையில் இந்தப் பிள்ளைக்கு மட்டும் சொல்லிவிடு.

"எனக்குத் தெரியாதும்மா," என்றான் அவன். "யாரோ ஒரு ஆளு. வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மல்லிகா வாசலுக்கும் அவர்களுக்கும் இடையில் வந்து நின்றாள். அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினான். வெள்ளிக்கிழமை, இராமசாமி, பேங்க் மாப்பிள்ளை, எல்லாம் அந்தக் கண்ணில் தெரிந்தது. அவளுக்கும் அது எல்லாம் தெரியத்தான் செய்தது. கலைச்செல்வியின் கையிலிருந்து பக்கத்தை வாங்கி, யோகராஜிடம் நீட்டினாள்.

"இத இன்னும் அனுப்பாதீங்க."

பிறகு நாற்காலியை இழுத்துப் பிள்ளையின் பக்கம் போட்டாள்.

"எனக்குத் தெரியும் கலை. இப்புடி உக்காரு."